ஈட்டிக் களத்தில் பார்த்த டெகத்லான்காரர்

டெகத்லான் (இரண்டு நாளில் பத்துத் தடகளப் போட்டி, புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி) ஆட்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கேட்டதும் எனக்கு ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. மாநிலச் சாம்பியன், பிற்பாடு டெகத்லானை விட்டுவிட்டு ஈட்டி மட்டும் எறிந்தவர்.

கல்லூரி நாட்களில் தடகளப் போட்டிகளுக்கு உதவிக்குப் போவேன். வேலை ஈட்டிக் களத்தில், ஈட்டி இறங்குகிற இடத்துக்கு ஓடி, முனை முதலில் தரையைத் தொட்ட புள்ளியைக் காட்ட வேண்டும். ஈட்டி குத்தி நின்றால்தான் கணக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படியெல்லாம் இல்லை, முனை முதலில் பட்டால் போதும்.

டெகத்லானில் ஈட்டி ஒன்பதாவது. இரண்டாம் நாள் காலையில் 110 மீட்டர் தடை ஓட்டம், அப்புறம் வட்டு, அப்புறம் கோலூன்றித் தாண்டுதல் (இது மணிக்கணக்கில் இழுக்கும்), எல்லாம் முடிந்து தோள் ஓய்ந்துபோன நேரத்தில்தான் அந்த 800 கிராம் ஈட்டி கைக்கு வரும். ஈட்டி மட்டும் எறிகிறவர்களுக்கு இறுதிச் சுற்றில் 6 வாய்ப்பு வரை உண்டு. இவர்களுக்கு 3தான்.

நான் உதவிக்குப் போன ஒரு போட்டியில் அவருக்கு முதல் எறி பவுல், அதாவது செல்லாத எறி. இரண்டாவது 54 மீட்டர் சொச்சம். மூன்றாவதுக்கு முன்னால், ஓட்டத்தைத் தொடங்கும் இடத்தைக் காட்டுகிற அளவுகுறியைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்து, ஓடி வரும் தூரத்தைக் குறைத்துக்கொண்டார். களைத்த காலோடு முழு வேகத்தில் வந்தால் கடைசியில் ஊன்றுகிற கால் மடங்கிவிடும், அதற்காக. 58ஐத் தாண்டியது. அந்த 4 மீட்டருக்கு ஏறக்குறைய 60 புள்ளி. அடுத்து வரும் 1500 மீட்டரில் அதே 60 புள்ளியைச் சேர்க்க ஒன்பது பத்து வினாடி வேகமாக ஓட வேண்டும், அந்த உடம்போடு யாரால் முடியும்? சாயங்காலம் அவர் 1500இல் பின்தங்கித்தான் வந்தார், ஆனாலும் தங்கம் அவருக்கே.

எப்படி அண்ணே என்று கேட்டேன். “கையால எறியறதில்ல தம்பி, இடது காலால எறியறது” என்றார். வலக்கைக்காரர்களின் இடது கால் தரையில் விறைத்து நிற்கிற அந்தக் கணத்தைப் பார்த்தால் விளங்கும், ஓடி வந்த வேகம் முழுக்க அங்கே தடுக்கப்பட்டு இடுப்பு, தோள், கை என்று மேலே ஏறுகிறது.

பேச்சு குர்பச்சன் சிங் ரந்தாவா பக்கம் போனால் மனிதர் நிறுத்தவே மாட்டார். 1960 டெல்லி தேசியப் போட்டியில் உயரம் தாண்டுதல், 110 மீட்டர் தடை ஓட்டம், ஈட்டி, டெகத்லான் என்று இரண்டே நாளில் நான்கு தேசிய சாதனை, 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் டெகத்லான் தங்கம், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தடை ஓட்ட இறுதியில் ஐந்தாம் இடம். மில்கா சிங்கைத் தெரிந்த அளவுக்கு ரந்தாவாவை நமக்குத் தெரியாது. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. சமீபத்தில் தேஜஸ்வின் சங்கர் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டி டெகத்லானில் 7666 புள்ளியோடு வெள்ளி வாங்கினாரே, அதையும் எத்தனை பேர் கவனித்தோம்?

சரி, நம்ம ஆளுக்கு வருகிறேன். கோலூன்றித் தாண்டுதலில் கணுக்கால் போய், ஈட்டிக்கு மட்டும் வந்த பிறகு சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பத்துப் போட்டிக்குப் பழகியவருக்கு ஓர் எறிக்கும் அடுத்த எறிக்கும் நடுவே சும்மா உட்காருவதுதான் பெரிய பாடு. ஒன்றில் சொதப்பினால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற தெம்பும் போய்விட்டது. முழங்கை வேறு அடிக்கடி வீங்கும், வருஷம் முழுக்க ஒரே அசைவு அல்லவா. தூரம் கூடியது, தேசிய அளவில் பதக்கமும் வந்தது, ஆனால் டெகத்லானில் பார்த்த அந்தக் குஷியை நான் மறுபடி பார்க்கவில்லை.

இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார். ஈட்டி கேட்டு வருகிறவர்களை முதலில் தடை ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் அனுப்பிவிடுகிறார், பெற்றோர்கள் சண்டைக்கு வந்தாலும் கேட்பதில்லை.