மறு: ஆபரேஷன் விளைவுத் தாளில் ‘சொல்வன்மைப் பகுதி’ வேண்டாம், ‘காப்புப்புலம்’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். மூளை ஆபரேஷனுக்கு முன் குடும்பத்துக்குக் கொடுக்கும் தமிழ்த் தாளின் வரைவுக்காக, அடிபட்டால் உடனே குறையைக் காட்டும் மூளைப்பகுதியைக் குறிக்கும் ‘எலோக்வன்ட்’ (eloquent) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடி ஆளுக்கொன்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அக்கா மகன் தக்காளி மண்டிக்கு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான், வயது 19. ஒரு நாள் விடிகாலையில் தலைவலி என்று உட்கார்ந்தவன் பிட்ஸ் வந்து விழுந்தான். ஸ்கேனில் மூளையின் வலப்பக்கப் பின்பகுதியில் ரத்தக்கசிவு, அதன் அடியில் தமனியும் சிரையும் பின்னிக்கொண்ட ஒரு கூடு (மருத்துவர்கள் ஏ.வி.எம். என்பது), இரண்டரை சென்டிமீட்டர். ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துக்காகத் தமிழில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் இருந்த வரி: ‘நோய்க்கூறு சொல்வன்மைப் பகுதியில் அமைந்துள்ளது.’

அக்கா அதைப் படித்துவிட்டு, “பேச்சு போயிடுமாடா தம்பி?” என்றாள். எனக்கும் அப்படித்தான் புரிந்தது. அன்றிரவு முழுக்க அவள் மகனைத் தூங்கவிடாமல் பேசவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்த இடம் பார்வைக்கு உரியது. பேச்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, பேச்சு முன்போலவே இருக்கிறது. இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் மேலே கால்வாசி தெரிவதில்லை. டெம்போ ஓட்ட முடியாது. முன்பே தெரிந்திருந்தாலும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டுதான் இருப்போம். ஆனால் எதற்கு ஒத்துக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒத்துக்கொண்டிருப்போம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான்: தமனி தந்துகியாகப் பிரிந்து, அழுத்தம் தணிந்து, பிறகு சிரையில் சேரும். இந்த நோயில் நடுவில் தந்துகி இல்லை. கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரை மதகே இல்லாமல் வயல் வாய்க்காலில் நேராகத் திறந்துவிட்டது போல, தமனியின் அழுத்தம் முழுவதும் சிரையின் மெல்லிய சுவரில் மோதுகிறது. கரை எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கசியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

வெட்டி எடுத்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டிக் கணிக்க, மூளை அறுவை மருத்துவர்கள் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் நீல் மார்ட்டினும் 1986-இல் ஒரு படிநிலை கொடுத்தார்கள். கூட்டின் அளவு 3 சென்டிமீட்டருக்குள் என்றால் 1, 3 முதல் 6 வரை 2, அதற்கு மேல் 3. கூட்டின் ரத்தம் மூளையின் ஆழத்துச் சிரைகளில் வடிந்தால் 1. பக்கத்து மூளைத்திசு ‘எலோக்வன்ட்’ என்றால் 1. கூட்டினால் ஒன்று முதல் ஐந்து வரை வரும். அவர்கள் பார்த்த 100 பேரில் முதல் படியில் இருந்த எவருக்கும் புதிய நரம்புக் குறை வரவில்லை, ஐந்தாம் படியில் 31 சதவீதம் பேருக்கு வந்தது. இத்தனை எளிய கூட்டலுக்குள் எத்தனை பேருடைய கையும் காலும் கண்ணும் இருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.

ஆக, மூன்று கேள்விகளில் ஒன்று இந்தச் சொல்லை நம்பி நிற்கிறது. அது தப்பாகப் புரிந்தால் கணிப்பே தவறிவிடும்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று பார்த்தால் வழி தெரிகிறது. அடிபட்டும் வெளியே ஒன்றும் தெரியாத பகுதியை ‘மௌனமானது’ என்றார்கள். அடிபட்ட உடனே குறையைக் காட்டிவிடும் பகுதி அதற்கு எதிர், அது ‘பேசுகிறது’. உருவகம்தான். அசைவு, தொடு உணர்வு, பேச்சு, பார்வை இவற்றுக்கான புறணி (மூளையின் மேலடுக்கு), தலாமஸ், ஹைப்போதலாமஸ், மூளைத்தண்டு, சிறுமூளைக் காம்புகள் எல்லாம் இதில் அடக்கம். உருவகத்தை விட்டுவிட்டு அகராதிப் பொருளை மட்டும் தமிழுக்குக் கொண்டுவந்ததால்தான் ‘சொல்வன்மை’ ஆனது.

> ‘முக்கியப் பகுதி’ என்றே போடலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஓசூர் நண்பரே, புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியில் பெரும்பாலானது இந்தப் பட்டியலில் வராது. அதனால் அது முக்கியமில்லாததா? ஒருவருடைய குணமே மாறிப்போகலாம்.

> ‘ஊறுபுலம்’: தொட்டாலே ஊறு நேரும் இடம்.

இது நான் போன வாரம் எழுதியது. ஊறு என்றால் தொடு உணர்வு, ஊறு என்றால் காயம், இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதைப் பார்த்து மயங்கிவிட்டேன். காரிமங்கலம் ஆசிரியர் ஐயா சொன்னது சரி. பெயர்ச்சொல்லாக நின்றால், ஆறு என்பது ஆற்றுநீர் ஆவது போல, அது ஊற்றுப்புலம் ஆகிவிடும். திரியாமல் விட்டால் வினைத்தொகையாகி, ஊறுகிற இடம் என்று பொருள்படும். ரத்தக்கசிவு பற்றிய தாளில் ‘ஊறுகிற இடம்’ என்று படிப்பவர், கசிந்த இடத்தைச் சொல்கிறார்கள் என்றே நினைப்பார். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

‘இழப்புப்புலம்’ பொருளில் நேரானது. ஆனால் கையெழுத்துப் போட நிற்பவர் கண்ணில் ‘இழப்பு’ என்று பட்டால், இழப்பு உறுதி என்று ஆகிவிடுகிறது.

அதனால் ‘காப்புப்புலம்’ என்று முன்வைக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் காப்புக்காடு தெரியாதவர் கிடையாது. தொப்பூரிலிருந்து அஞ்செட்டி வரை அந்தப் பலகையைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். காப்புக்காட்டுக்குள் யாருமே போவதில்லை என்று பொருள் இல்லை. காரணம் வேண்டும், அனுமதி வேண்டும், கிளை முறிந்தால் கணக்குச் சொல்ல வேண்டும். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஸ்பெட்ஸ்லர் அளவுகோல் கேட்பது கூட்டை ஒட்டி இருக்கும் திசுவைப் பற்றி. காட்டோரம் பட்டா நிலம் வைத்திருப்பவருக்கு, தன் நிலத்தில் மரம் வெட்டும்போதுகூட எல்லைக்கல்லின் மேல் கண் இருக்கும். அறுவை மருத்துவர் நிலையும் அதுதான். புலம் என்பதற்கு நிலம், உணர்வு என்ற இரு பொருளும் இங்கே ஒத்துப்போகின்றன. சொற்புணர்ச்சியும் காப்புக்காடு போலவே, சிக்கல் இல்லை.

மற்றவை சுருக்கமாக. இந்தப் பின்னலை மருத்துவர்கள் அழைக்கும் ‘நைடஸ்’ என்பதற்குக் ‘கூடு’ போதும், லத்தீனிலும் அதுதான் பொருள். லாட்டனும் யங்கும் 2010-இல் சேர்த்த துணை அளவுகோலில் வயது, முன்பே கசிந்ததா, கூடு இறுக்கமா பரவலா என்ற மூன்று கேள்விகள் உண்டு. அங்கே ‘இறுகிய கூடு’, ‘பரவிய கூடு’ என்று எழுதலாம். தர்மபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடு கொண்டுபோகிறவர்களுக்கு இறுகிய கூடு எது, தளர்ந்த கூடு எது என்று விரல் சொல்லும். அதே அளவுகோலில், கசிந்திருந்தால் 0, கசியாதிருந்தால் 1 என்று இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிழை இல்லை. உறைந்த ரத்தம் சில நேரம் கூட்டைச் சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரித்துக் கொடுக்கிறது. தவிர, கசிவாலேயே வந்துவிட்ட குறை ஆபரேஷன் கணக்கில் சேராது. கசியாத கூட்டைத் தொடலாமா என்பது தனி விவாதம். 2014-இல் வெளிவந்த அருபா ஆய்வில் 223 பேரைச் சராசரியாக 33 மாதம் பார்த்தார்கள். மருந்து மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 10.1 சதவீதம் பேருக்கும், கூட்டை அகற்ற முயன்றவர்களில் 30.7 சதவீதம் பேருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. ஆயுள் முழுவதும் இருக்கும் நோய்க்கு 33 மாதம் போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. இதைத் தனி இழையில் பேசுவோம்.

நேற்று அக்காவிடம் புது வரியைப் படித்துக் காட்டினேன், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “கூடு காப்புப்புலத்தை ஒட்டி உள்ளது.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அங்க பாத்துத்தான் கை வைக்கணும்னு சொல்றாங்களா?” என்றாள். அப்புறம் உடனே, “அது எதக் காக்குது?” என்று கேட்டாள்.

எனவே சொல்லோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாளில் ‘காப்புப்புலம்: ஆம் / இல்லை’ என்று அச்சிடும்போது, அதன் கீழேயே ‘ஆம் எனில் எது? பேச்சு / பார்வை / கைகால் அசைவு / தொடு உணர்வு / வேறு’ என்று ஒரு வரி வரட்டும், மருத்துவர் கையால் வட்டமிட இடம் விட்டு. ஓசூர் நண்பர் இதை வார்டில் இரண்டு மூன்று குடும்பங்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன என்று எழுதினால், ஞாயிறுக்குள் வரைவைத் திருத்தி அனுப்பிவிடுகிறேன்.