தள்ளுகோல் பிளந்த அன்று

மேசை ரம்பத்தில் 20 மி.மீ. அகல ரீப்பர்களை அறுத்துக்கொண்டிருந்தேன். மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கச்சட்டமான ஃபென்சுக்கும் பிளேடுக்கும் நடுவே கையைக் கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்ததால், மீந்து கிடந்த மரத்துண்டு ஒன்றில் நானே ஒரு தள்ளுகோல் செய்து வைத்திருந்தேன். நீளமான கோல், நுனியில் பலகையின் பின்விளிம்பைப் பிடித்துத் தள்ள ஒரு சிறு வெட்டு, அவ்வளவுதான். மூன்று ரீப்பர்கள் ஒழுங்காக வந்தன. நான்காவதில் கடைசி ஒரு சாண் மிச்சமிருக்கையில், கோலின் நுனிப் பல் பட்டென்று பிளந்தது. உடலின் பாரம் முழுவதையும் கோலின்மேல் சாய்த்திருந்ததால் கை தானாகவே முன்னே பாய்ந்து, பிளேடுக்கு இரண்டு விரற்கடை தள்ளி மேசையில் ஊன்றி நின்றது. அதே நொடியில் பிடி விட்ட ரீப்பர் பின்னோக்கிப் பறந்து சுவரில் குத்தியது. பிளேடின் நேரே நிற்காமல் இடப்பக்கம் விலகி நிற்கும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், அது என் வயிற்றில் குத்தியிருக்கும்.

கை நடுக்கம் நின்ற பிறகு உடைந்த நுனியை எடுத்துப் பார்த்தேன். கோலின் நீளவாக்கில் ஓடிய நாரை ஒட்டியே அந்தப் பல் கழன்றிருந்தது. அதாவது அது உடைவதற்கென்றே செய்த வடிவம். அதைவிடப் பெரிய தவறு, முந்தைய நாள் காடி (நீளப் பள்ளம்) அறுப்பதற்காகக் கழற்றிய ஸ்பிளிட்டரை, அதாவது பிளேடின் பின்னால் நின்று அறுத்த வாயை மூடவிடாமல் பிரித்துவைக்கும் தகட்டை, நான் திரும்ப மாட்டாமல் விட்டது. நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் ஓடும் 10 அங்குல பிளேடின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. அதன் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்பி வருவதால், அறுத்த துண்டு சற்றே திரும்பி அவற்றில் பட்டாலும் அதைத் தூக்கி நம் பக்கமாக எறிந்துவிடும். கோல் வாலை மட்டுமே தள்ளுகிறது; துண்டின் முன்பகுதியை மேசையோடு அழுத்திப் பிடிக்க எதுவுமே இல்லை.

அதனால் இப்போது காலணி வடிவத் தள்ளுகட்டைதான் பயன்படுத்துகிறேன். அடுக்குகளின் நார் மாறிமாறி ஓடுவதால் எளிதில் பிளக்காத 18 மி.மீ. பிளைவுட்டில், 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். அடிப்பகுதி முழுவதும் மரத்தின்மேல் படிந்து அழுத்துகிறது, பின்னால் 6 மி.மீ. மட்டும் இறங்கும் குதிகால் தள்ளுகிறது. 20 மி.மீ. இடைவெளியில் அது உரசாமல் நுழையும். இன்னும் ஒடுங்கிய துண்டென்றால் பிளேடு கட்டையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். கட்டை தேய்ந்தால் இன்னொன்று செய்ய அதிக நேரம் ஆகாது. கட்டையில் ஆணி, திருகு எதுவும் கூடாது, பசை மட்டுமே.

மரத்தை ஃபென்சோடு ஒட்டி வைத்திருக்க, சீப்புப் பல் போல விளிம்பில் வளையும் விரல்கள் வெட்டிய சீப்புப் பலகை ஒன்றையும் செய்தேன். அதை பிளேடுக்கு முன்னால்தான் பொருத்த வேண்டும். பிளேடின் பக்கவாட்டில் பொருத்தினால் அறுத்த வாயை அதுவே மூடி பிளேடை இறுக்கிவிடும் என்பதால், பாதுகாப்புக்காக வைத்த கருவியே ஆபத்தாகிவிடும். குறுக்கு அறுப்புக்கு ஸ்லெட் ஒன்று, அதாவது மரத்தை ஏற்றி மேசைமேல் சறுக்கித் தள்ளும் பலகை, இருக்கிறது. பிளேடு வெளியே வரும் இடத்தில் ஒரு தடித்த கட்டையை ஒட்டியிருக்கிறேன், கட்டைவிரல் அங்கே போகாமலிருக்க.

ஸ்பிளிட்டர் தகட்டைக் கழற்ற நேரும் நாளில் சுவிட்சின்மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறேன். தகடு மறுபடி ஏறிய பிறகுதான் அதை அவிழ்ப்பேன்.