புதுப்பிப்பு: ஏரிப் பாதுகாப்புக் கூட்டமும் சாய்தளமும்

எங்கள் ஏரிப் பாதுகாப்புக் குழு மாடி மண்டபத்தில் கூடுவதால் சக்கர நாற்காலியில் வருவோர் பங்கேற்க முடியவில்லை என்று முன்பு இதே இழையில் எழுதி, யோசனை கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, கூட்டத்தைத் தரைத்தளக் கூடம் ஒன்றுக்கு மாற்றினோம்.

வாசற்படி ஓரடி உயரம். பந்தல்காரர் கொண்டுவந்த பலகையோ ஐந்தடி நீளமே இருந்ததால், ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருந்தால்தான் யாரும் தள்ளிவிடாமல் தாமாகவே ஏற முடியும் என்று எடுத்துச்சொல்லி, சாய்தளத்தைப் புதிதாக அடிக்க வைத்தோம். சக்கரம் நழுவாதிருக்க இரு ஓரங்களிலும் அவர் ரீப்பர் கட்டை பதித்தது நாங்கள் கேளாமலே கிடைத்த உதவி. சைகைமொழி பெயர்ப்பாளரைப் பேச்சாளருக்குப் பக்கத்திலேயே, வெளிச்சத்தில் நிறுத்தினோம்.

தீர்மான வரைவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே முன்கூட்டி அனுப்பியதால், பார்வையற்ற உறுப்பினர் ஒருவர், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் செயலி வழியே கேட்டறிந்து, கரை அளவீடு பற்றிய தீர்மானத்திற்குத் திருத்தம் கொண்டுவந்தார். என் கணிப்பில் அன்றைய உருப்படியான வேலை அதுவே.

கழிப்பறைக் கதவின் அகலம்தான் இன்னும் தீராத சிக்கல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 45-ஆம் பிரிவு, அதாவது மாற்றுத்திறனாளிகள் அணுகும் வகையில் கட்டடங்களை அமைக்கச் சொல்லும் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கும் பொருந்தும் என்பதைக் குறிப்பிட்டு, கூடத்தின் நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.