மாலத்தீவில் ஐந்து இரவுகள்: ரிசார்ட் தீவா, ஊர்த் தீவா?

கோவை இணையர்:
எங்கள் பத்தாம் ஆண்டுத் திருமண நாளையொட்டி வரும் பிப்ரவரியில் நானும் மனைவியும் ஐந்து இரவுகள் மாலத்தீவில் தங்க எண்ணியிருக்கிறோம். தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருக்கும் ரிசார்ட்டுக்குப் போவதா, மக்கள் குடியிருக்கும் மாஃபுஷி போன்ற தீவில் கெஸ்ட்ஹவுஸ் எடுப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகும் பயணம் இது, அடிக்கடி வாய்க்காது. சென்று வந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தோணித்துறை:
மாஃபுஷிக்கே போங்கள். 1972இல் சுற்றுலா தொடங்கிய பின் பல பத்தாண்டுகள், வெளிநாட்டவரை ஆளில்லாத தீவுகளில் தனியாகத் தங்கவைப்பதே அந்நாட்டின் வழக்கமாக இருந்தது. 2009க்குப் பிறகு ஊர்த் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் நடத்த வழி பிறந்ததால்தான் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் அந்தக் கடலை எட்டிப் பார்க்க முடிகிறது. ரிசார்ட் விலைப்பட்டியலில் தொகையின் பக்கத்தில் நிற்கும் இரண்டு கூட்டல் குறிகளைக் கவனியுங்கள். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகையின்மேல் 17 விழுக்காடு வரி என்று, நூறு டாலர் என எழுதியிருப்பது கையைவிட்டுப் போகும்போது ஏறத்தாழ 129 டாலராகிவிடும். பசுமை வரி தனி.

பவளத்திட்டு:
தோணித்துறை அவர்கள் சொன்ன கணக்கில் ஒரு திருத்தம் தேவை. அந்த 17 விழுக்காடு கெஸ்ட்ஹவுஸுக்கும் உண்டு. வேறுபடுவது பசுமை வரிதான்: ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ஐம்பது அறைக்கு மேற்படாத கெஸ்ட்ஹவுஸில் 6 டாலர். ஐந்து நாளுக்கு இருவருக்கும் சேர்த்து 60 டாலர்தான் வேறுபாடு. அறை வாடகையில் இருக்கும் வேறுபாடே பெரியது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எதற்காக அந்தக் கடலுக்குப் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல ரிசார்ட் தீவில் அறையிலிருந்து நடந்தே கடலில் இறங்கி, சில நிமிடம் நீந்தினால் பவளப்பாறையின் விளிம்பு வந்துவிடும். காலையில் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பின் ஒருமுறை, யாரையும் கேட்காமல் போகலாம். ஊர்த் தீவில் நல்ல பாறையைப் பார்க்கப் பெரும்பாலும் படகுக்குப் பணம் கட்டி, பதினைந்து பேரோடு போய், அவர்கள் திரும்பும் நேரத்தில் நாமும் திரும்ப வேண்டும். நாங்கள் தங்கிய ஊர்த் தீவில் துறைமுக வேலை நடந்ததால் மூன்று நாளும் நீர் கலங்கியே கிடந்தது. என் மனைவியின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

தோணித்துறை:
வரியைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். பாறையைப் பற்றியதை ஏற்க மாட்டேன். 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது ரிசார்ட் தீவு, ஊர்த் தீவு என்று அது பார்க்கவில்லை. பல ரிசார்ட்டுகளைச் சுற்றி மணல் படிந்த ஆழமற்ற காயல்தான் இருக்கிறது. படம் அழகாக வரும், மீன் குறைவு.

அதைவிட முக்கியமானது மனிதர்கள். நம் வீட்டுச் சம்பலில் போடும் மாசிக் கருவாடு எந்தக் கடலிலிருந்து வருகிறதோ அந்த மக்களின் நாட்டுக்கு ஐந்து நாள் போய், அவர்கள் மொழியான திவேஹியில் ஒரு சொல்கூடக் கேளாமல் திரும்புவதை என்னால் பயணம் என்று எண்ண முடியவில்லை. குளிப்பதற்கும் தடையில்லை, பிகினிக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் அவ்வூர்ப் பெண்களைப் போலவே உடல் மறைத்து இறங்கலாம். நம் பெண்களுக்கு அது புதிதல்லவே.

கோவை இணையர்:
இப்போது எழுதுவது மனைவி. புதிதல்ல என்று சொன்னீர்கள், ஐயா; அதுதான் என் காரணம். மெரினாவிலும் இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் நனைந்த சுடிதார் காலைச் சுற்றிக்கொள்ள, துப்பட்டாவைப் பிடித்தபடி முழங்கால் நீரில் நின்றுவிட்டுக் கரையேறியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில், இரண்டு ஆண்டுகளாக நீச்சல் கற்றிருக்கிறேன். நீச்சலுடையில் கடலில் இறங்கி, கரையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நீந்த வேண்டும். அவ்வூர் மக்களின் வழக்கத்தை மதிக்கிறேன். மதிப்பதால்தான் அவர்கள் கரையில் என் விருப்பத்தை வைக்க வேண்டாம் என்கிறேன். ஒதுக்கிய ஒரு துண்டுக் கடற்கரையில் கூட்டத்தோடு நிற்பதற்கும் எனக்கு மனமில்லை.

பவளத்திட்டு:
அப்படியானால் மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் எட்டும் தூரத்திலேயே ரிசார்ட்டைத் தேடுங்கள். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு தலைநகரிலோ விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலே தீவிலோ தங்க நேரிடும். அறையை உறுதிசெய்யும் முன், பாறை கரையிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். பிப்ரவரி வடகிழக்குக் காற்றின் காலம், மழை குறைவு.

தோணித்துறை:
அம்மா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. என் மனைவியை இதுவரை நான் கேட்டதில்லை, இன்று கேட்கிறேன். ரிசார்ட்டைப் பற்றிய என் கருத்து மாறவில்லை என்றாலும், மாலையில் இறங்கும் விமானமே கிடைத்தால் அதை இழப்பாக எண்ணாதீர்கள். ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்கி, காலையில் சிறிய கடையொன்றில் சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனியை, நம் சப்பாத்தி போன்ற ரொஷியோடு சாப்பிட்டுவிட்டுப் படகேறுங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் ரொஷி சூடாகக் கிடைக்கும்.