போட்டால் அறிவுரை, எடுத்தால் லோன்

(2025-இன் முற்பாதியில், யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கும் முன் அரசின் இணைய மோசடி எச்சரிக்கை ஒலித்த நாட்களில் நடந்த இணைய அரட்டை)

மாம்பலம் மணியோசை:
வீட்டம்மாவுக்குப் போன் போட்டு "தக்காளி வேணுமா?" என்று கேட்க நான் படும் பாடு இருக்கிறதே! மணி அடிப்பதற்கு முன்னால் இணைய மோசடி எச்சரிக்கை வந்துவிடுகிறது. ஓடிபியைச் சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே. சரி, தொடமாட்டேன். பச்சை மிளகாய் பற்றிக் கேட்க மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் அதே பாடம். 2020-இல் கொரோனா இருமலைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தோம், இப்போது இது. போனை வைத்த அடுத்த நொடி ஒருவர், "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்கிறார். முதலில் அவரை நிறுத்துங்கள் ஐயா!

கறிவேப்பிலை:
தக்காளி இல்லாவிட்டால் புளி ரசம் வைக்கலாம். சேமிப்பு போனால் எதை வைப்பீர்கள்? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, போலீஸ் போல நடித்துப் போனிலேயே 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி, வீடியோ காலில் உட்காரவைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா காபிப்பொடி கேட்டுக் கதவைத் தட்டியதால் தப்பினார். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்லியிருந்தார். வாத்தியார் காதில் அது விழவில்லை. விழும்வரை சொல்லத்தான் வேண்டும்.

மாம்பலம் மணியோசை:
வாத்தியார் போன் போட்டாரா, வந்த போனை எடுத்தாரா? எடுத்தார். எச்சரிக்கை ஒலிப்பதோ போடுகிறவர் காதில்! லோன்காரர் என்னைக் கூப்பிட்டால் அவர்தான் அதைக் கேட்கிறார். மோசடிக்காரன் சாதாரண காலில் வந்தால் அவனும் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருவான். வாட்ஸ்அப் வீடியோ காலில் வந்தால் அதுவும் இல்லை.

பழைய டெலிபோன்காரன்:
புலம்பலை நிறுத்திவிட்டு 1909-க்கு அழைத்து, விளம்பர அழைப்பு எதுவும் வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். முறையான விளம்பர அழைப்பு 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து வரும். வங்கி, காப்பீட்டுக்காரர்களின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை. மோசடியில் பணமே போய்விட்டால் உடனே இணையக் குற்றப் புகார் எண் 1930.

மாம்பலம் மணியோசை:
பதிவு எப்போதோ செய்தாயிற்று அண்ணே. லோன்காரர் 140-இலா வருகிறார்? சாதாரணப் பத்து இலக்க எண்ணில் வருகிறார். கூரியர் பையனும் அப்படித்தான் வருகிறான். எடுத்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

பழைய டெலிபோன்காரன்:
அந்த எண்ணைத்தான் புகார் செய்யணும். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியை இறுக்கிவிட்டது. முன்பெல்லாம் 7 நாளில் 10 புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை, இப்போது 10 நாளில் 5 போதும். புகார் தர 3 நாள் கெடு இருந்தது, அதையும் 7 ஆக்கிவிட்டார்கள். நாம்தான் திட்டிவிட்டு வைத்துவிடுகிறோம்.

கோவை வாலு:
என் அம்மா அந்த எச்சரிக்கையை மனப்பாடமே செய்துவிட்டார். நேற்று புது நம்பரிலிருந்து கூப்பிட்டேன். "நீ என் பையன்தான்னா, உனக்கு எந்தக் கோயில்ல மொட்டை போட்டோம், சொல்லு!" ஒரு வயதில் போட்ட மொட்டை எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? குத்துமதிப்பாகப் பழனி என்றேன். சமயபுரமாம். பிளாக்!

கறிவேப்பிலை:
பார்த்தீர்களா, வேலை செய்கிறது! அம்மாவுக்கு என் வணக்கம்.

மாம்பலம் மணியோசை:
செய்யட்டும். அதற்காக ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை போடச் சொல்லி உத்தரவா? காலையில் ஒரு முறை சொன்னால் புரியாதா? மீதி நேரம் லோன்காரர் காதில் மட்டும் ஒலிக்கட்டும்.

கோவை வாலு:
அதை நீங்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிளாக்கை எடுப்பது எப்படி என்று யாராவது அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்ல முடியுமா? தெரியாத நம்பரை எடுக்கமாட்டார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.