புதுப்பிப்பு: கன்னத்துச் சிவப்பு, ஐந்து மாதம் கழித்து

கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரிகின்றன, வெயிலில் போனால் முகம் எரிகிறது, என்ன செய்யலாம் என்று போன முறை கேட்டிருந்தேன். கற்றாழை, சந்தனம் என்று நிறைய பதில்கள். ஒருவர் மட்டும் முகத்துக்கு என்ன க்ரீம் போடுகிறீர்கள் என்று கேட்டார். விஷயமே அதுதான்.

கரும்புள்ளிக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு வருடம் தடவியது பீட்டாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. தோலை மெலிதாக்கி, அடியில் இருக்கும் குழாய்களை விரித்துவிடுமாம். நிறுத்தினால் சிவப்பு இன்னும் ஏறும், பயந்துபோய் மறுபடி தடவுவோம், நானும் அப்படித்தான் மாட்டினேன். இந்த வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. கடைக்காரர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

தோல் மருத்துவர் சொல்லி நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் கொடுமை, கண்ணாடியே பார்க்கவில்லை. அப்புறம் சிவப்பைக் குறைக்க மெட்ரோனிடசோல் ஜெல், கொஞ்ச நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன். எரிச்சல் அடங்கிவிட்டது, சிவப்பும் பாதிக்கு மேல் குறைந்தது.

ஆனால் விரிந்த குழாய்கள் களிம்பால் மறையாது, அதற்கு லேசர்தான். நம் மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்ற லேசர் ஓரளவு பாதுகாப்பு, குறைந்த அலைநீளம் என்றால் கருமை படிய வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். ஒரு தடவை முடிந்தது, ரப்பர் பேண்டால் சுண்டியது போல் இருந்தது. மூக்கோரம் இன்னும் இரண்டு கோடு பாக்கி.

சரி, சந்தனம் போடச் சொன்னவர்களுக்கு: போட்டுப் பார்த்தேன், எரிந்தது.