ஒத்த சிலிண்டர்ல சாப்பர் கட்டலாமா, நெக்க வெட்டலாமா?

ஒத்தஇடி:
சாப்பர் (வேண்டாதத வெட்டி, முன் ஃபோர்க்க நீட்டி மாத்தின பைக்) கட்டறதுக்கு யமஹா எஸ்ஆர்500 பைக் ஒண்ணு பிரிச்சு போட்டிருக்கேன், 499 சிசி, ஒத்த சிலிண்டர். பின்னாடி ஸ்விங் ஆர்ம், ஷாக் ரெண்டையும் தூக்கிட்டு ஹார்ட்டெயில் (பின் சக்கரம் சஸ்பென்ஷன் இல்லாம நேரா ஃப்ரேம்ல), முன்னாடி நெக்க, அதாவது ஃபோர்க் மாட்டற ஃப்ரேம் தலைய வெட்டி, செங்குத்துல இருந்து 40 டிகிரிக்கு படுக்க வெச்சு நீள ஃபோர்க், இது தான் பிளான். சாப்பர்னா வி-ட்வின் (V மாதிரி ரெண்டு சிலிண்டர் இன்ஜின்) தான்னு சொல்றவங்க ஒண்ணு யோசிங்க, அந்த பேரே வெட்டி எறியறதுல வந்தது, ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அமெரிக்காவுல மட்கார்டையும் வேண்டாத இரும்பையும் கழட்டி எடைய குறைச்சாங்களே அங்க தான் ஆரம்பம். ஒரு கார்ப், ஒரு சைலன்சர், ஒல்லியான இன்ஜின், இதுக்கு மேல என்ன வேணும்?

நேர்கோடு:
வரலாறு சரி ப்ரோ, ஆனா வண்டி வரலாறுல ஓடாது. அந்த இன்ஜின்ல உதறல அடக்கற பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. அவ்ளோ பெரிய பிஸ்டன் ஒண்ணு ஏறி இறங்கற உதறல் முழுசும் ஃப்ரேமுக்கு வரும், ஹார்ட்டெயில் போட்டா ரோட்டுல இருந்து வர அடியும் அதோட சேருது. நான் ஒரு 350 சிங்கிள்ல ஹார்ட்டெயில் கட்டினேன், பெரிய ஜாயின்ட் எல்லாம் நின்னுச்சு, டேங்க் பிராக்கெட் தான் போச்சு. பெட்ரோல் வாசனை வருதேன்னு குனிஞ்சு பாத்தா வெல்டு ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு, நகத்த வெச்சு தேய்ச்சா மாட்டுது. ஓடிட்டு இருக்கும்போது டேங்க் கையோட வந்திருந்தா?

ஒத்தஇடி:
அது பிராக்கெட் தப்பு அண்ணே, சிங்கிள் தப்பு இல்ல. டேங்க ரப்பர் புஷ்ல உக்கார வைக்கணும், இன்ஜின் தலைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இருக்கற ஹெட் ஸ்டெடிய அழகுக்காக தூக்கி போடக்கூடாது, நிறைய பேர் அத தான் மொதல்ல கழட்டறாங்க. 1986ல சுசுகியே 652 சிசி ஒத்த சிலிண்டர்ல சாவேஜ்னு ஒரு குரூசர் விட்டாங்களே, கம்பெனிக்கு தெரியாத உதறலா?

நேர்கோடு:
அவங்க ஷாக் அப்சார்பரோட விட்டாங்க. ஹார்ட்டெயில்ல விடல.

பொறிபறக்க:
ரெண்டு பேரும் பின்பக்கத்தயே பாக்கறீங்க, எனக்கு பயம் அந்த 40 டிகிரி தான். எஸ்ஆர்ல ஆயில் இருக்கறதே ஃப்ரேம் குழாய்க்குள்ள, ஊத்தற மூடி நெக்குக்கு பின்னாடி. அங்க வெட்டினா ஆயில் டேங்கயே வெட்டற மாதிரி. எவ்ளோ கழுவினாலும் உள்ள ஒட்டின ஆயில் சூட்டுல கொதிச்சு வெல்டுல ஊசி ஓட்டை விடும், உள்ள விழற பொறித்துகள் நேரா ஆயில் பம்புக்கு போகும். தனி டேங்க் கட்டாம அந்த பக்கம் கிரைண்டர கொண்டு போகாதீங்க.

அடுத்தது டிரெயில், அதாவது நெக் சாய்வ நேரா நீட்டினா தரையில படற இடத்துக்கும் முன் டயர் தரைய தொடற இடத்துக்கும் உள்ள தூரம். வீல் ஆரம் 320 மிமீ, ஆஃப்செட் (நெக் கோட்டுல இருந்து ஆக்சில் முன்னாடி தள்ளி இருக்கற தூரம்) 60னு வெச்சுக்கோங்க. 27 டிகிரியில டிரெயில் சுமார் 96 மிமீ வரும், அதே ஆஃப்செட்ல 40 டிகிரின்னா 190. டபுள். நேரா போகும்போது ரயில் மாதிரி இருக்கும், மெதுவா திருப்பும்போது ஹேண்டில் தானா ஒரு பக்கம் சரியும், தூக்கி புடிக்கணும். இத குறைக்க சாய்வு டிரிபிள் ட்ரீ (ஃபோர்க்க நெக்கோட சேர்த்து புடிக்கற கிளாம்ப், ஃபோர்க்க மட்டும் கூடுதலா சாய்க்கும்) இருக்கு, ஆனா அத நெக் வெட்டாத வண்டியில மாட்டிடாதீங்க, டிரெயில் ரொம்ப கம்மியாகி ஸ்பீடுல ஹேண்டில் உதறி ஆள தூக்கி போட்டுடும்.

ஒத்தஇடி:
190ஆ... நான் ஃபோர்க் நீளத்த மட்டும் தான் அளந்தேன். சேஸிஸ் நம்பரும் நெக்குல தான் இருக்கு, அதையும் யோசிக்கணும். சரி, நெக்க தொடல, ஃபோர்க் 2 இஞ்ச் மட்டும் நீளம். ஹார்ட்டெயில் போட்டே தீருவேன்.

பொறிபறக்க:
அப்போ தையல் இல்லாத குழாயா வாங்குங்க, ஜாயின்ட்டுக்குள்ள ஸ்லக் (உள்ள இறுக்கமா சேர்ற இரும்பு துண்டு) விட்டு, குழாயில ஓட்டை போட்டு அது வழியாவும் பத்த வைங்க. இன்ஜின் ஃப்ரேமுல உக்காந்திருக்கும்போதே டாக் (சின்ன புள்ளி வெல்டு) அடிங்க, இல்லன்னா குழாய் சூட்டுல இழுத்து மவுன்ட் ஓட்டை சேராது. கடைசி வெல்டுக்கு முன்னாடி நெக்குல இருந்து பின் ஆக்சில் வரைக்கும் நூல் புடிச்சு பாருங்க, ஆக்சில்ல ரசமட்டம் வைங்க.

நேர்கோடு:
நெக்க விட்டதுக்கு சந்தோஷம். ஹார்ட்டெயில்ல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல. கட்டி 500 கிமீ ஓட்டினதும் பெயின்ட் அடிக்காம ஒவ்வொரு பிராக்கெட்டையும் டார்ச் அடிச்சு பாத்து போட்டோ போடுங்க, பெயின்ட் அடிச்சுட்டா அந்த முடி கோடு கண்ணுல சிக்காது.